நாலு போன், ஒரு டிவி, ஒரே ஐடி

மதுரையில் பஸ் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்வதற்குள் பக்கத்து சீட்டு அக்கா என் சம்பளத்தைக் கேட்டுவிட்டார். பெயர், ஊர், கல்யாணம் ஆச்சா, ஆச்சு என்றால் வீட்டுக்காரர் எங்கே, ஏன் கூட வரவில்லை எல்லாம் அதற்கு முன்பே முடிந்திருந்தது. காரியாபட்டி வருவதற்குள் நான் விழுங்கும் தைராய்டு மாத்திரை வரைக்கும் அவருக்குத் தெரியும். இத்தனைக்கும் நான் பிழைப்பதே அடுத்தவர் ரகசியத்தைக் கட்டிக் காக்கும் வேலையில்தான். ஜெர்மனியில், லைப்சிக் நகரத்தில், கம்பெனிகளின் கம்ப்யூட்டருக்குள் திருட்டுப்பயல்கள் நுழையாமல் பார்த்துக்கொள்வது என் உத்தியோகம்.

அங்கே எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் என் பெயரைக் கேட்கவே இரண்டு வருடம் எடுத்துக்கொண்டார். இணைய வரைபடத்தில் தன் வீட்டு முகப்பு தெரியக் கூடாது என்று எழுதிக் கொடுத்து, அதை மங்கலாக்கி வைத்திருக்கிறார் மனுஷன். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வருகிறவளுக்கு இந்த அக்காவின் விசாரணை எரிச்சலாக அல்லவா இருக்க வேண்டும்? எனக்கோ உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. என்னை ஒருத்தர் இப்படிக் கேட்டு எவ்வளவு காலம் ஆகிறது! சம்பளத்தை மட்டும் பாதியாகச் சொன்னேன்.

ஆபீஸ் வேலையாகச் சென்னைக்கு வந்திருந்தேன். அருப்புக்கோட்டைப் பக்கம் இப்போது எனக்கென்று வீடு வாசல் கிடையாது. அம்மா அப்பா தாம்பரத்தில் குடியேறி வருடங்களாகிவிட்டன. மிச்சம் இருப்பது பாளையம்பட்டியில் என் சிநேகிதி பத்மா மட்டும்தான். அவள்தான் போனில் கூப்பிட்டாள். "ஏலே செல்வி, என் போட்டோவெல்லாம் தன்னால காணாமப் போகுது. யாரோ என் போனுக்குள்ள இருக்காக. நீ வந்து பாரு." பத்மா லேசில் பயப்படுகிற ஆள் இல்லை. சென்னை வேலையை அவசர அவசரமாக முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

எங்களுக்குள் 'ஏலே' வந்த கதையைச் சொல்ல வேண்டும். அருப்புக்கோட்டையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஏசி இருக்கிற அறை என்பதால் வெயில் காலத்தில் கூட்டம் அள்ளும். படிக்க வந்தவர்களில் நாங்கள் இருவர் மட்டும்தான் பெண்கள். பையன்கள் ஆளுக்கு ஆள் 'ஏலே' போட்டுக்கொள்வதைக் கேட்டுக் கேட்டு எங்கள் வாயிலும் ஒட்டிக்கொண்டது. பத்மா வீட்டில் தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பத்துப் பெண். வெளியே வந்தால் அவளைப் போல அசல் அருப்புக்கோட்டைத் தமிழ் பேச ஆள் கிடையாது.

ஒரு பத்திரிகையோடு, கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸ் மென்பொருளின் சிடி இலவசமாக வந்தது. யாரும் காசில்லாமல் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று திறந்து பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திருத்திக்கொள்ளலாம் என்று அதில் போட்டிருந்தது. நம்பவே முடியவில்லை. சென்டரில் எல்லா மெஷினிலும் ஓடியது, காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளின் திருட்டுக் காப்பி. சுவரோரம் யாரும் தொடாத ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கி, நாங்கள் இரண்டு பேரும் அதில் மல்லுக்கு நின்றோம். முக்கால்வாசி ஏறும்போது கரண்ட் போகும். மறுபடி முதலிலிருந்து. கடைசியில் ஒரு மத்தியானம் அது முழுதாக எழுந்து நின்றபோது, திரையில் மெனுவெல்லாம் தமிழில் இருந்தது. எங்களுக்கு அப்போது வந்த சந்தோஷம் பிறகு எந்த வேலையிலும், எந்த நாட்டிலும் எனக்கு வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன்.

முதல் நாள் பாளையம்பட்டியில் இறங்கியபோது நல்ல உச்சி வெயில். பத்மா குடையோடு நின்றாள். முன்நெற்றியில் நரை ஏறியிருந்தது, எனக்கும்தான். "தின்னுட்டு அப்புறம் அழு" என்று இழுத்துக்கொண்டு போனாள். அவள் மதினி குதிரைவாலிச் சோறும் கொள்ளுச் சாறும் அப்பளமும் வைத்தார். மதினி என்பது பத்மாவின் அண்ணன் நாகராஜின் மனைவி, எனக்கும் மதினிதான். லைப்சிக்கில் இதே குதிரைவாலியை உடம்புக்கு நல்லது என்று சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து நகைக்கடை விலைக்கு விற்கிறார்கள். இங்கே மதினி, "இன்னொரு கை போட்டுக்கம்மா, ஆளு காத்தாப் பறக்குற" என்று கேட்காமலே தட்டில் கொட்டினார்.

வெயில் தாழ்ந்ததும் காய்ந்த துணி எடுக்கிற சாக்கில் பத்மா என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனாள். பக்கத்துத் தறிக்கூடத்தின் சத்தத்தில் நாங்கள் பேசுவது எங்களுக்கே கேட்கவில்லை. அதற்காகத்தான் அந்த இடம் என்று பிறகு புரிந்தது.

"கல்யாணம் பண்ணலாம்னு இருக்கேன்" என்றாள், ஒரு போர்வையை உதறிக்கொண்டே.

"ஏலே! நெசமாவா?"

"நாப்பது தாண்டியாச்சு. இனிமே எதுக்கு உங்கிட்ட பொய் சொல்லணும்?"

அவர் பெயர் கருப்பசாமி. நரிக்குடியில் கால்நடை ஆய்வாளர். பத்மா திருச்சுழிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். செத்துப்போன லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இவளைத் தேடி வந்திருக்கிறார். கடைக்காரர்கள் எல்லாம் குப்பையில் போடச் சொன்ன மெஷினில் இவள் லினக்ஸை ஏற்றி ஓடவிட்டிருக்கிறாள். அப்புறம் சந்தேகம் கேட்க அடிக்கடி வந்திருக்கிறார். "அவருக்கு அம்புட்டு சந்தேகம் இருந்துச்சா?" என்றேன். "வந்த சந்தேகமெல்லாம் ஒரே சந்தேகம்தான்" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அவுக அப்பா எங்க சித்தப்பா காட்டுல கூலிக்கு வந்தவுக" என்றாள். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

"அண்ணனை நெனச்சு பயமா?"

"கை நீட்டுவாகன்னு பயமில்ல. எங்கண்ணன் அப்படி ஆளு கெடையாது. அப்பா போனதுக்கப்புறம் என்னைய படிக்க வச்சதே அவுகதான். அதான்லே பயம். அவுக இதை வேற எது மூலமாவும் தெரிஞ்சுக்கிறக் கூடாது. நானே சொல்லணும், என் வாயால. அதுக்கு எனக்குக் கொஞ்சம் தைரியம் சேரணும். அது வரைக்கும் என் போனு என் போனா இருக்கணும்."

கீழே இறங்கி வந்தபோது ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நிகழ்ச்சி ஒன்றுமில்லை. சும்மா இருக்கும் நேரத்தில் அது ஒவ்வொரு படமாக மாற்றி மாற்றிக் காட்டியது. மதினி எடுத்த ஜாக்கெட் டிசைன், கோவில்பட்டியில் படிக்கும் அவர் மகனின் ஹாஸ்டல் சாப்பாடு, நாகராஜ் அண்ணன் எடுத்த நூல் மூட்டை, பத்மா பள்ளிக்கூடத்துக் கொடியேற்றம். பார்க்கப் பார்க்க எனக்குத் தலை சுற்றியது. "இது எப்படி மதினி எல்லார் படமும் இதுல வருது?"

"தன்னால வரும். கடைக்காரத் தம்பி அப்படிச் செட்டப் பண்ணிக் குடுத்திருக்கு" என்றார் பெருமையாக.

விஷயம் இதுதான். முக்கு செல்போன் கடைத் தம்பி நாகராஜ் அண்ணனுக்கு ஒரு ஐடி போட்டுக் கொடுத்திருக்கிறான். அடுத்து மதினிக்குப் போன் வாங்கியபோது அதே ஐடி. மகனுக்கும் அதே. பத்மாவுக்கும் அதே. டிவி வந்தபோது டிவிக்கும் அதே. யார் எடுக்கிற படமும் இணையத்தில் ஒரே பெட்டியில் போய் விழுந்து எல்லாவற்றிலும் வரும். அந்தத் தெருவில் முக்கால்வாசி வீட்டில் இப்படித்தானாம். நாலு பேருக்கு நாலு ஐடி போட வேண்டாமா என்று கேட்டதற்கு மதினி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எதுக்கு? ஒரே குடும்பம்தானம்மா? ரேஷன் கார்டு ஒண்ணு, அடுப்பு ஒண்ணு, ஐடியும் ஒண்ணு."

பத்மாவைத் தனியாகப் பிடித்து ஒரு பிடி பிடித்தேன். "நீ டீச்சரா, இல்ல நான் வேற யாரையாச்சும் பார்க்க வந்துட்டனா? லேப்டாப்புக்கு மட்டும் பூட்டு மேல பூட்டுப் போட்டுருக்க, போனை இப்படித் தெருவுல போட்டு வச்சிருக்க!"

"லேப்டாப்பு என்னுது. போனு அண்ணன் ஆசையா வாங்கிக் குடுத்தது. அதுல ஐடிய மாத்துனா தனியா அடுப்பு வச்ச மாதிரி இருக்கும்லே. படம் மேல போறதை மட்டும் நிறுத்தித்தான் வச்சிருந்தேன். நடுவுல அப்டேட் வந்தப்ப தன்னால ஆன் ஆயிருச்சு போல."

கோபம் போய் எனக்கு வேறு என்னவோ ஆகிவிட்டது. எங்கள் ஆபீஸில் பாதுகாப்பு விதிமுறை எழுதும் எந்தப் புண்ணியவானும் இப்படி ஒரு காரணத்தைக் கேள்விப்பட்டிருக்க மாட்டான்.

"அப்ப கருப்பசாமி படம் ஏதும் டிவியில வந்துச்சா?"

"ஒண்ணுகூட வந்ததில்ல. அதுக்கு முன்னாடியே காணாமப் போயிரும். சாமி புண்ணியம்னு நெனச்சுக்குவேன்."

அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். என் மண்டையோ எங்கேயோ இருக்கிற திருடனையே தேடிக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள் சாமான் வாங்கும் சாக்கில் டவுனுக்குப் போனோம். எங்கள் சென்டர் இருந்த மாடியில் இப்போது பிரியாணிக் கடை. செருப்பைக் கழற்றும் படியில் ஒருவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். உள்ளே போய், எங்கள் பழைய மெஷின் இருந்த சுவரோரமாகவே இடம் பார்த்து உட்கார்ந்தோம். மெஷின் ஒயர் போக அடித்த ஓட்டை சுவரில் அப்படியே இருந்தது. பத்மா அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். நான் சர்வர் முன்னால் அழுதுவிட்டேன். அவர் மிளகாய்க் காரம் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

மத்தியானம் வேலையில் இறங்கினோம். அவள் பெயரில், அவள் நம்பரில் புதிதாக ஒரு ஐடி. போனிலிருந்து பழைய ஐடியைக் கழற்றுவது. வேவு பார்க்கும் செயலிகளை எல்லாம் கழித்துக்கட்டிவிட்டு, நிரலைத் திறந்து காட்டுகிற செயலிகளாகப் பார்த்துப் போடுவது. இவளும் கருப்பசாமியும் பேசிக்கொள்ள, நடுவில் யாரும் படிக்க முடியாத ஒன்று. கடைசியாகக் கடவுச்சொல். மனுஷ மூளை சும்மா தேர்ந்தெடுத்தால் பிள்ளை பேரும் பிறந்த வருஷமும்தான் வரும்; அதனால் உருட்டிப் போட்டு வருகிற சொற்களைக் கோத்துக்கொள்ள வேண்டும் என்றேன். உருட்டப் பகடை? பத்மா போய் மதினியின் பித்தளைத் தாயக்கட்டையை எடுத்து வந்தாள்.

உருட்டி வருகிற எண்ணுக்கு அகராதியில் பக்கம், அப்புறம் வரி. இரண்டு சொல் தேறுவதற்குள் சத்தம் கேட்டு மதினி வந்து சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். "என்னைய விட்டுப்புட்டு ரெண்டு பேரும் தாயம் வெளாடுறீகளா?" மீதிக் கட்டையை அவரே உருட்டினார். தாயம் விழுந்தபோதெல்லாம் கை தட்டினார். பத்மா அகராதியை நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு சொல்லைப் பார்த்துக்கொண்டாள். கடைசியில் மதினி, "இதுல யாரு ஜெயிச்சது?" என்று கேட்டார். "பத்மாதான் மதினி" என்றேன். என்ன சொற்கள் வந்தன என்று எனக்கே தெரியாது.

பிறகு அவள் லேப்டாப்பைத் திறந்தேன். நான் வெளிநாடு போகும்போது அவளிடம் விட்டுவிட்டுப் போன மெஷின். பாட்டரி செத்து, ஒரு கீல் ஆடி, எழுத்தெல்லாம் தேய்ந்துபோயிருந்தது. ஆனால் உள்ளே லினக்ஸ் புத்தம்புதுசாக, தமிழ் மெனுவோடு ஜம்மென்று எழுந்தது. சென்டர் காலத்தில் சனிக்கிழமை தோறும் எங்கள் கோப்புகளை சிடியில் பதிந்து வீட்டுக்கு எடுத்துப் போவோம். சென்டர் மெஷினை நம்ப முடியாது, எவனாவது கேம் ஏற்ற அழித்துவிடுவான். பத்மா இன்னமும் அந்தச் சனிக்கிழமையை விடவில்லை; கருப்பசாமியைப் பார்த்து வருவதும் அன்றைக்குத்தான். வந்த ராத்திரியே கேபிளைச் செருகிப் போனில் உள்ளதைத் தன் மெஷினுக்கு இறக்கி, பூட்டிவைத்திருந்தாள். நானே விட்டுவிட்ட பழக்கம் அது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு நாகராஜ் அண்ணன் தறிக்கூடத்திலிருந்து வந்தார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. அவர்கள் தங்களுக்குள் தெலுங்கில்தான் பேசிக்கொள்வார்கள். எனக்குப் புரியும், பேச வராது. "போன் சரியாயிருச்சா?" என்று பத்மாவைக் கேட்டார். "தனியா ஐடி போட்டுக்கிட்டேன்" என்றாள் அவள், தட்டைப் பார்த்தபடி. அவர் டிவியைத் திரும்பிப் பார்த்தார். "நல்லது" என்றார். அவ்வளவுதான். ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனார்.

மூன்றாம் நாள் நரிக்குடி. மாப்பிள்ளையை நான் பார்த்தே ஆக வேண்டும் என்று அடம் பிடித்தேன். திருச்சுழி வழியாகப் பஸ். சீமைக்கருவேலங்காடு, பனைகள், அடுத்து நீர் கொஞ்சமாகக் கிடக்கும் ஒரு கண்மாய், மறுபடி கருவேலங்காடு. ஜன்னல் வழியே வந்த அனல் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டே போனேன். ஜெர்மனியில் காடு என்றால் இருட்டாக, ஈரமாக, தடம் தவறினால் போச்சு என்கிற மாதிரி இருக்கும். இங்கே விதைக்கிற நிலத்தைக் காடு என்போம்.

கருப்பசாமி ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வெள்ளாட்டைக் கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். பத்மாவைப் பார்த்ததும் ஆட்டை விட்டுவிட்டார். அது மருந்தோடு ஓட, ஆட்டுக்காரர் பின்னாலேயே ஓட, ஒரே களேபரம். "இவுகதான் செல்வியா? உங்க பேரைச் சொல்லித்தான் எனக்கு லினக்ஸே சொல்லிக் குடுத்தாக" என்றார். பேச்சு குறைவு, சிரிப்பு ஜாஸ்தி. வெளியே ஒரு சின்னக் கடையில் ஆட்டுக்கறிக் குழம்பு வாங்கித் தந்தார். அந்தக் குழம்பைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். பத்மாவின் இலையில் எலும்பில்லாத துண்டாகப் பார்த்து அவர் தள்ளிவிட்டதை நான் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டேன். எனக்கு நிம்மதியாகிவிட்டது.

"அவுங்க சொல்றப்ப சொல்லட்டும். எனக்கு அவசரமில்ல" என்றார். "எங்க வீட்டுலயும் யோசிப்பாக. 'அவுக வாசல்ல நின்னு வந்தவுகதானடா நாம'ன்னு அம்மா கேட்டுச்சு. அவுங்க அண்ணன் கூப்பிட்டா மட்டும்தான் நான் அந்த வாசலுக்கு வருவேன்." அதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிக்கவில்லை.

திரும்பும்போது நரிக்குடியிலிருந்து கொஞ்ச தூரம் வந்ததும் பஸ் முனகி நின்றது. "பெல்ட்டு போச்சு. எல்லாரும் எறங்குங்க, பின்னாடி வண்டி வரும்" என்றார் கண்டக்டர். நிழல் என்று பேருக்குக்கூட ஒன்றில்லை. பத்மாவுக்கு வெயிலில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. புதுச் செயலியில் கருப்பசாமிக்கு ஒரு வரி அனுப்பினாள். நான் பெருமையோடு பார்த்தேன்: உலகத்தில் எந்தக் கொம்பனாலும் படிக்க முடியாத செய்தி அது! செய்தி பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. பதிலாக ஆள் பைக்கில் வந்து நின்றார், மொத்த பஸ்ஸும் பார்க்க.

அவர் தண்ணீர்ப் பாட்டிலை எடுப்பதற்குள் பத்மா, "ஏங்க, தலை சுத்துதுங்க" என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு 'ஏங்க' போதாதா? அங்கே நின்ற அத்தனை பெண்களும் திரும்பினார்கள். அவர்களில் ஒருத்தர் பத்மாவின் தெருக்காரர், மதினியிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பவர். கிட்டே வந்து, கருப்பசாமியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாரு தாயி இவுக?" என்றார்.

"தெரிஞ்சவுக" என்றாள் பத்மா.

"தெரியுது, தெரியுது" என்றார் அந்த அம்மா.

பின்னால் வந்த பஸ்ஸில் எல்லோரும் ஏறினோம்; அந்த அம்மா திருச்சுழியில் மகள் வீட்டுக்கு இறங்கிக்கொண்டார். மகள் வீட்டில் ஒரு வாய் காப்பி உள்ளே போனதும் கை போனைத் தேடும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். தாயக்கட்டை உருட்டிக் கோத்த கடவுச்சொல், பூட்டு, மறைப்பு எல்லாம் அந்தப் பொட்டல் வெளியில் ஒரு காசுக்கு உதவாமல் போயிற்று. எனக்கு அவமானமாக இருந்தது. பஸ் பாளையம்பட்டியில் நின்றபோது, "இன்னைக்கே சொல்லிர்றேன். அந்தம்மா சொல்றதுக்கு முந்தி" என்றாள் பத்மா.

ஹாலில் நாகராஜ் அண்ணன் தட்டில் சேவு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிவி தன் பாட்டுக்கு நூல் மூட்டையைக் காட்டியது. நான் நழுவப் பார்த்தேன், பத்மா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, ஒண்ணு சொல்லணும்" என்று தெலுங்கில் ஆரம்பித்தாள். ஆரம்பித்தாள், அவ்வளவுதான். அப்புறம் அங்கே நடந்த தெலுங்கை எல்லாம் எனக்குத் தெரிந்த தமிழில் தருகிறேன்.

அண்ணன் சேவுத் தட்டைக் கீழே வைத்தார். "அந்த நரிக்குடி ஆட்டாஸ்பத்திரிக்காரரைப் பத்தியா?"

அடுப்படியிலிருந்து மதினி கரண்டியோடு வந்து நின்றார்.

"உங்களுக்கு எப்படி..." என்றாள் பத்மா.

"என் போனுக்கு வந்துச்சு. ரெண்டு பேரும் ஒரு ஆட்டுக்குட்டியத் தூக்கிக்கிட்டு நிக்கிற போட்டோதான் மொதல்ல வந்துச்சு."

"அப்ப அழிச்சது..."

"நான்தான்."

நான் லைப்சிக்கிலிருந்து தேடி வந்த திருடன் சேவுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பத்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. பயமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. "என் போட்டோவ அழிக்க நீங்க யாருண்ணா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"மொதல்ல கோவத்துலதான் அழிச்சேன். பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு நாளு சோறு எறங்கல" என்றார் அவர். "பொறவு, சரி, நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன். நீ சொல்லல. போட்டோ மட்டும் வந்துக்கிட்டே இருந்துச்சு. இந்த டிவி இருக்கே, இதுக்கு நேரங்காலம் தெரியுமா? சித்தப்பா உக்காந்திருக்காரா, உன் மதினி வீட்டாளுக வந்திருக்காகளான்னு பார்க்குமா? பளிச்சுன்னு காட்டிப்புடும். அதான் விடியக்காலையில எந்திரிச்சு, பல்லு வெளக்குறதுக்கு முந்தி அழிச்சிருவேன். ஒரே ஐடில, நான் அழிச்சா உன் போனுலயும் போயிரும்; அழிக்கவான்னு உன் போனு கேட்டா நீயும் பாக்காம ஓகே குடுத்துருவ போல."

"கேட்டிருக்கலாம்லண்ணா..."

"கேட்டா நான் பாத்துட்டேன்னு ஆயிரும்ல? அப்புறம் நீ என்னத்தச் சொல்லுவ?" அவர் குரல் கம்மியது. "என் தங்கச்சி கல்யாணத்தை என் தங்கச்சிதான் சொல்லணும். டிவி சொல்லக் கூடாது."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மதினி, "எங்கிட்டகூட மூச்சு விடலையே இந்த மனுசன்!" என்று கரண்டியை ஓங்கினார். அவருக்குக் கோபமா சந்தோஷமா என்று அவருக்கே தெரியவில்லை. பத்மா அழுதுகொண்டே உள்ளே போனாள். போனவள் லேப்டாப்போடு வந்தாள். டிவியின் பின்னால் கையை விட்டு, தேடி, ஒயரைச் செருகினாள். அந்த நூல் மூட்டைப் படம் மறைந்து, எங்கள் பழைய தமிழ் மெனு சுவரளவுக்கு வந்து நின்றது.

கடவுச்சொல்லை அடித்தாள். சனிக்கிழமை சனிக்கிழமையாக இறக்கி வைத்த படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஆட்டுக்குட்டி. ஆஸ்பத்திரி வேப்பமரம். செத்துப் பிழைத்த லேப்டாப்போடு கருப்பசாமி. அழிந்துபோனதாக அண்ணன் நினைத்திருந்த அத்தனையும் வரிசையாக வந்தது.

"நிப்பாட்டு, நிப்பாட்டு. இது எந்தக் கண்மாய்?"

"நரிக்குடியிலண்ணா. போன மழைக்கு."

"நல்லா நெறஞ்சிருக்கே" என்றார். அருகே போய்ப் பார்த்தார். "எல்லாத்தையும் ஒரு நொடிதான் பாத்திருக்கேன். அழிக்க எம்புட்டு நேரம் ஆகும்? அடுத்ததப் போடு."

அடுத்ததைப் போட்டாள். அவர் இன்னும் சரி என்று சொல்லவில்லை. "சரின்னு சொல்லிட்டேன்னு நெனச்சுக்காத. ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு. நான் கூப்பிட்டேன்னு சொல்லு. பேசணும். சித்தப்பாவ நான் பாத்துக்கிறேன்" என்று மட்டும் சொன்னார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். நான் பத்மாவைப் பார்த்தேன். நரிக்குடியில் கருப்பசாமி கேட்டது அந்த ஒரு வார்த்தையைத்தான்.

அப்போது மதினியின் போன் அடித்தது. திருச்சுழியில் காப்பி முடிந்திருக்க வேண்டும். மதினி காதில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். எங்கள் மூன்று பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஆமாக்கா... நரிக்குடிக்காரவுகதான்... தெரியும்க்கா. இந்தா, எங்க டிவியில அவுகளைத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம். பொறவு பேசுறேன், படம் ஓடுது."